பதினோராம் போல்ட்

ஒஸ்லோவிலிருந்து வந்த பெட்டி,
சுங்கத்தில் ஒருமுறை கிழிபட்டு
பிறவுண் ரேப்பால் ஒட்டுப்பட்டு
குருநகரிலிருந்து கோண்டாவில் வரைக்கும்
எமில்தாசின் மடியில் பஸ்ஸில் வந்தது.

உள்ளே பதினெட்டு போல்ட், கறுப்பு.
பதினெட்டு வாசர், ஒரு பக்கம் மட்டும் விளிம்பு சரித்தது.
சம்போ பக்கற் அளவில் கொஞ்சம் சாம்பல் பசை.
நாலாய் மடித்த தாள்.

தாளைத்தான் முதலில் வாசித்தேன்.
போன வைகாசியில் இந்த ஹெட்டை இறுக்கினவன்
வாசிக்கவில்லை.
அதுவும் வெளிப் போல்ட்தான்.
கொம்பனிப் புத்தகத்தைப் பார்த்து
கொம்பனி செய்யாத போல்டை,
காய்ந்த புரியோடு,
முப்பத்தைந்து, பிறகு தொண்ணூறு பாகை,
பிறகும் ஒரு தொண்ணூறு என்று திருகிவிட்டான்.
மாங்குளம் தாண்டமுன் கஸ்கற் ஊதிற்று.
எண்ணூறு கிலோ விளைமீன்
ஐஸ் உருகி உருகி
ஏ-ஒன்பதின் ஓரத்தில் மணத்தது.

தாள் அடி இறாத்தலில் பேசுகிறது.
என் ரோர்க் ரென்ச்சுக்குத் தெரிந்தது நியூட்டன் மீற்றர்.
சிகரெட் மட்டையின் பின்புறம் பெருக்கினேன்.
முப்பதுக்கு நாற்பத்தொன்று.
அறுபதுக்கு எண்பத்தொன்று.
எண்பதுக்கு நூற்றெட்டு.
"நூற்றெட்டோ? உங்கட கோயில் கணக்கு" என்று
வேதக்காரன் எமில்தாஸ் சிரித்தான்,
அந்த இரவில் அவன் சிரித்தது அது ஒருதரம்.

கோயில் கணக்கில்லை, பசைக் கணக்கு.
ஒயில் பூசினால் வேறை இலக்கம்,
ஒன்றும் பூசாவிட்டால் இலக்கமே பொய்.
காய்ந்த புரி
பாதிப் பலத்தை உரசலிலேயே தின்றுவிடும்.
ரென்ச்சுக்கு அது விளங்காது.
கை கொடுத்ததை அது எண்ணும்,
போல்ட் வாங்கினதை அல்ல.

புரிக்கும், தலையின் அடிக்கும், வாசருக்கும் பூசினேன்.
சரித்த விளிம்பு மேலே பார்க்க.
நடுவில் தொடங்கி, குறுக்காய், வெளியே வெளியே.
முதற் சுற்று, பதினெட்டு கிளிக்.
கரண்ட் போனது.
எமில்தாஸ் போனை உயர்த்திப் பிடித்தான்.

இரண்டாஞ் சுற்றில் பத்து போல்டும்
ஆளுக்கொரு பெருவிரல் அகலம் நகர்ந்தன.
பதினோராவது
அசையுமுன்னே கிளிக் என்றது.
இலக்கம் சரி.
எனக்குச் சரியாய்ப் படவில்லை.

கழற்றி, குழிக்குள் வெளிச்சம் விட்டால்
அடியில் பச்சையாய் ஒரு மிடறு ரேடியேற்றர் தண்ணீர்.
வாய் மட்டும் உள்ள குழி. போக வழியில்லை.
நசுங்காத தண்ணீரின் மேல்
நூற்றெட்டை வைத்திருந்தால்
புளொக் வெடித்திருக்கும்.
அது என் வேலை, துடைக்க மறந்தது நான்.
அதை அவனுக்குச் சொன்னேனா என்றால், இல்லை.

ஊசியில்லாத சிரிஞ்ச், ஒரு துண்டு வயர்க்குழாய்.
உறிஞ்சி, பஞ்சு விட்டு, திரும்பவும் பஞ்சு விட்டு,
மற்றப் பதினேழு குழியையும் அப்படியே பார்த்து,
எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
"நாலரைக்கு ஏலம், அண்ணை."
"தெரியும்."

கடைசிக் கிளிக்குக்கு ரென்ச்சை எடுத்தபோது
அவன் பிடியில் கைவைத்தான்.
"இன்னொருக்கா இழுங்கோ. என்ர மனசுக்கு."
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
உன் மனசுக்கு இழுக்கிற இழுவையில்தான்
இஞ்ச எல்லாப் போல்டும் முறியுது, எமில்.
விரல் ஒவ்வொன்றாய் விட்டது.
எண்ணூறு கிலோ கனம் அந்தக் கையில்.

ஐந்தேகாலுக்கு ஸ்ராட் எடுத்தது.
ரேடியேற்றர் வாயில் குமிழி இல்லை.
ஏலம் முடிந்திருக்கும்; ஆனாலும் போனான்.

பக்கற்றில் கொஞ்சம் பசை மிச்சம்.
எறிய மனமில்லாமல்
வீட்டு கேற்றின் பிணைச்சலில் தடவினேன்.
எழும்பி வந்த சுகிர்தா கேட்டாள்,
எப்ப வந்தனீங்கள்,
கேற் சத்தம் கேக்கேல்லையே.